கோமு டீச்சர் கை நீட்டிய பக்கம்

ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். சேரன்மகாதேவிக்கு மேற்கே, கல்லிடைக்குறிச்சிக்குக் கிழக்கே, தாமிரபரணி வளைந்து திரும்பும் ஓர் இடம் என்பதோடு விட்டுவிடுகிறேன். இதை எழுதுகிறேன் என்று தெரிந்தால் என் மனைவி இந்த அளவுகூட எழுத விடமாட்டாள். நான் மின்வாரியத்தில் ரீடிங் எடுப்பவன். பெயர் நேசையா, ஊரில் கரண்டு சார் என்று கேட்டால்தான் தெரியும். வீடு வீடாக ஏறி இறங்குகிறவன் என்பதால் எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டில் மோர் கிடைக்கும் என்பது எனக்கு அத்துப்படி. மற்றபடி நான் தைரியசாலி இல்லை. இதில் வருகிற யாருமே தைரியசாலி இல்லை, ஒரே ஒரு அம்மாவைத் தவிர. அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கோமு டீச்சருக்குச் சான்றிதழில் கோமதி என்று பெயர். கல்லிடைக்குறிச்சியில் பிறந்தவர். தாத்தா காலத்தில் வயல் இருந்தது. அப்பா காலத்தில் வயலை விற்ற கதை இருந்தது. டீச்சர் காலத்தில் படிப்புதான் மிச்சம். பாளையங்கோட்டையில் தங்கி வரலாறு படித்து, எங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளிக்கு வேலைக்கு வந்தார். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே மருந்துக்கடை வைத்திருக்கும் சிவசண்முகத்தைக் கட்டிக்கொண்டார். ஒரே மகள் சித்ரலேகா கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். ஊரில் பாதிப் பேரின் கதை இப்படித்தான் இருக்கும். டீச்சரைத் தனியாகக் காட்டியது அவருடைய வாயும், அந்த வாய்க்குத் தாளம் போடுகிற வலது கையும்.

பள்ளி ஆண்டு விழாவுக்கு வரவேண்டிய பேச்சாளர் வராமல் போனதால் ஒரு தடவை மேடையில் ஏற்றிவிட்டார்கள். அதற்குப் பிறகு டீச்சர் இறங்கவே இல்லை. அம்பாசமுத்திரம், வீரவநல்லூர், முக்கூடல் என்று சுற்றுவட்டாரத்தில் எங்கே பட்டிமன்றம் என்றாலும் ஓர் அணியில் கோமு டீச்சர், எதிர் அணியில் நான். மேடையில் என்னைக் கிழித்துத் தோரணம் கட்டுவார். கீழே இறங்கியதும், "அண்ணாச்சி, தொண்டைக்கு மாத்திரை வேணுமா? கடையில வந்து வாங்கிக்கிடுங்க" என்பார். அப்படி ஒரு மனுஷி.

எங்கள் பக்கத்துப் பட்டிமன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. பந்தலுக்கும் மைக் செட்டுக்கும் செலவு செய்தவர் முன்வரிசையில் நடு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். பேசுகிறவர்கள் நடுநடுவே அவரை இழுத்துக் கேலி செய்ய வேண்டும். "கும்பகர்ணன் எப்படித் தூங்குனான்? இந்தா, நம்ம அண்ணாச்சி மாதிரி" என்று கையை நீட்டினால் கூட்டம் சிரிக்கும், அண்ணாச்சியும் தொப்பை குலுங்கச் சிரிப்பார். இழுக்காமல் விட்டால்தான் கோபம். எங்கள் ஊரில் அந்த நாற்காலி அல்வாக்கடை அண்ணாச்சியுடையது. டீச்சர் அவரை எத்தனையோ வருஷமாக ராவணன் ஆக்கியிருக்கிறார், கம்சன் ஆக்கியிருக்கிறார், மாமியார்கூட ஆக்கியிருக்கிறார். எல்லாவற்றுக்கும் அவர் சிரித்துவிட்டு மறுநாள் பள்ளிக்கு அல்வா கொடுத்தனுப்புவார்.

போன ஆவணியில் வாசகர் வட்டத்தின் ஆண்டு விழா. நடுவர் சிவகணேஷ், வரலாற்றுப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். "மாமியாரா மருமகளான்னு பேசிப் பேசி எனக்கே புளிச்சுப்போச்சு" என்று சொல்லி, அவரே ஒரு தலைப்பு வைத்தார்: ரோமாபுரிப் பேரரசர்களால் மக்களுக்கு விளைந்தது நன்மையா, தீமையா? இந்தத் தலைப்புக்கு எவன் வருவான் என்று நான் சிரித்தேன். கல்யாண மண்டபம் நிறைந்துவிட்டது. விழா முடிந்து சாப்பாடு உண்டு என்று நோட்டீஸில் போட்டிருந்தார்கள்.

நான் நன்மை அணி. அகஸ்டஸ் வந்து உள்நாட்டுச் சண்டைகளை முடித்து வைத்ததையும், ராத்திரியில் தீப்பிடித்தால் அணைக்க ஊர்க்காவல் படை போட்டதையும், ஏழைகளுக்குத் தானியம் கொடுத்ததையும் சொன்னேன். டிராஜன் ஏழைப் பிள்ளைகளின் சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்ததைச் சொல்லி, "நம்ம ஊர்ச் சத்துணவுக்கு முன்னாடியே" என்று ஒரு கைதட்டல் வாங்கினேன். அல்வாக்கடை அண்ணாச்சியை அகஸ்டஸ் ஆக்கினேன். அவருக்கு மகா சந்தோஷம்.

டீச்சர் எழுந்தார். எழுந்ததுமே மண்டபம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

"நடுவர் அவர்களே, அண்ணாச்சி நல்லாத்தான் சொன்னாவ. அகஸ்டஸ் தீய அணைக்க ஆள் போட்டாரு. சரி. அவருக்கு அடுத்து வந்த திபேரியஸ் என்ன செஞ்சாரு? ஒண்ணுமே செய்யல. அதான் விசேஷம். ஊர விட்டே போய்ட்டாரு. தூரத்துல ஒரு தீவு. அங்கன மலை உச்சியில பங்களா. ரோமாபுரிக்குத் திரும்ப வரவே இல்ல. ஆனா ரோமாபுரியில ஒருத்தன் தும்முனா அவருக்குக் கேக்கும். எப்படி? பக்கத்து வீட்டுக்காரன் போய்ச் சொல்லுவான். சொன்னவனுக்கு, மாட்டுனவன் சொத்துல ஒரு பங்கு."

பிறகு அந்தக் கூரைக் கதையைச் சொன்னார். ஒரு பெரிய மனிதர், நண்பன் என்று நம்பி ஒருவனிடம் மனம் விட்டுப் பேசினாராம். மேலே மச்சுக்கும் கூரைக்கும் நடுவில் மூன்று பேர் படுத்துக் கிடந்து ஓட்டையில் காதை வைத்துக் கேட்டார்களாம். ஆள் காலி. "அதுக்கப்புறம் அந்த ஊர்ல கூடப்பொறந்தவங்க பேசணும்னாலும் மொதல்ல அண்ணாந்து கூரையப் பாப்பாங்களாம்." மண்டபத்தில் எல்லோரும் ஒருசேர அண்ணாந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்கள்.

அடுத்தது மீன்காரன் கதை. அந்தத் தீவில் ஒரு மீன்காரன் பெரிய மீன் ஒன்று கிடைத்ததென்று பின்பக்கப் பாறையில் தொற்றி ஏறிப்போய் ராஜாவுக்குக் காணிக்கையாக நீட்டினான். காவல் இருக்கிற இடத்துக்கு இவன் எப்படி வந்தான் என்று ராஜாவுக்குப் பயம். அந்த மீனாலேயே அவன் முகத்தைத் தேய்க்கச் சொன்னார். செதில் பட்டுத் தோல் கிழிகிறது. மீன்காரன் வலியோடு, "நல்லவேளை, பிடிச்ச நண்டையும் கொண்டாந்து குடுக்காமப் போனேனே" என்றான். ராஜா நண்டையும் கொண்டுவரச் சொன்னார்.

இந்தக் கதை நடந்துகொண்டிருந்தபோதுதான் வாசலில் கார் நின்றது. நான் மேடையில் ஓரமாக இருந்ததால் பார்த்தேன். மேட்டு வீட்டார் உள்ளே வந்தார். அவருடைய பெயரையும் சொல்ல மாட்டேன். ஊரிலும் யாரும் சொல்வதில்லை, மேட்டு வீட்டார்தான். ஆற்று மணல் அவருடையது. அதாவது சட்டப்படி யாருடையதும் இல்லை, நடைமுறைப்படி அவருடையது. வருஷத்தில் முக்கால்வாசி நாள் மலை மேல் எஸ்டேட் பங்களாவில் இருப்பார். ஏதாவது நல்ல காரியம் என்றால் கீழே இறங்குவார். அவரைக் கண்டதும் அல்வாக்கடை அண்ணாச்சி துள்ளி எழுந்து நாற்காலியைக் கொடுத்துவிட்டுப் பின்னால் போனார்.

டீச்சர் இதைப் பார்க்கவில்லை. வீடியோக்காரன் மேடைக்கு நேரே போட்டிருந்த விளக்கு அவர் கண்ணில் அடித்துக்கொண்டிருந்தது. வேகத்தின் உச்சியில் இருந்தார்.

"ரோமாபுரியிலயும் ஒரு ஆறு உண்டு. அதுல பொணம் மெதக்கும். யாரு செஞ்சான்னு ஊருக்கே தெரியும். ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டான். ராசாவக் கேட்டா, நான் மலை மேலல்லா இருக்கேன், எனக்கு என்ன தெரியும்னுவாரு. அந்த ராசா எப்படி இருப்பாருன்னு கேக்குதியளா? இந்தா, நம்ம அண்ணாச்சி மாதிரி, அமைதியா, சிரிச்ச மொகமா இருப்பாரு!"

வலது கை முன்வரிசையின் நடு நாற்காலியைக் காட்டி நின்றது.

யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசையில் அழுதுகொண்டிருந்த குழந்தையின் வாயை அதன் அம்மா பொத்தினாள். டீச்சர் கண்ணுக்கு மேல் கையை வைத்து விளக்கை மறைத்துக்கொண்டு பார்த்தார். அப்போது அவர் முகம் போன போக்கை நான் எந்தக் காலத்திலும் மறக்க மாட்டேன். மேட்டு வீட்டார் அசையவில்லை. சிரித்த முகமாகத்தான் இருந்தார். சிவகணேஷ் சார் நேரம் முடியாமலேயே மணியை அடித்தார்.

ஏன் அந்த அமைதி என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய வருஷம் எங்கள் ஊர் லாரி டிரைவர் எபனேசர், மணல் அள்ளுவதைப் பற்றி கலெக்டரிடம் மனுக் கொடுத்தான். ஒரு வாரத்தில் அவன் பைக் ஆற்றங்கரையில் நின்றது. அவன் உடலை நாணல் புதரில் எடுத்தார்கள். குடித்துவிட்டுக் குளிக்கப் போய் வழுக்கி விழுந்தான் என்று முடிந்தது. எபனேசர் குடிக்க மாட்டான். எங்கள் சபையில் கிதார் வாசிக்கிறவன். அது ஊருக்கே தெரியும். ஊர் முழுக்க, அவன் குடிப்பான் என்று சொல்லப் பழகிக்கொண்டது. நானும் பழகிக்கொண்டேன். அவன் கோமு டீச்சரிடம் வரலாறு படித்த பையன்.

அன்று சாப்பாட்டுப் பந்தியில் டீச்சருக்கு இரண்டு பக்கமும் இலை காலியாகக் கிடந்தது. நான் போய் உட்கார்ந்தேன். உட்கார்ந்தது நட்புக்காக என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் எழுந்து போகிற தைரியமும் எனக்கு இல்லை.

"கை தானாப் போச்சு அண்ணாச்சி" என்றார். "அல்வாக்கடை அண்ணாச்சின்னுல்லா நெனச்சேன்."

"அப்படியே போய் அவர்கிட்டச் சொல்லிருங்க டீச்சர்."

"எப்படிச் சொல்ல? 'உங்களச் சொல்லல'ன்னு சொன்னா, 'என்னச் சொன்னதா ஏன் நீ நெனைக்க'ன்னு கேப்பாவ. அதுக்கு என்ன பதில்?"

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தோம்.

மேட்டு வீட்டார் மறுநாள் மலைக்குப் போய்விட்டார். ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஓர் ஆளை அனுப்பவில்லை. எல்லாவற்றையும் ஊரே செய்தது. வீடியோக்காரன் பதிவை அழித்துவிட்டேன் என்று வீடு தேடி வந்து சொல்லிவிட்டு, காசுகூட வாங்காமல் ஓடினான். டீச்சரைப் பள்ளிக்கு ஏற்றிப்போகிற ஆட்டோக்காரருக்குத் திடீரென்று முதுகுவலி வந்தது. தலைமை ஆசிரியர், "கொஞ்ச நாளைக்கு ஒம்பதாங் கிளாஸ் வரலாறு வேற ஆளு எடுக்கட்டும்" என்று பைய நகர்ந்தார். ஒன்பதாம் வகுப்பில்தான் ரோமாபுரி வருகிறது. மருந்துக்கடையில் கூட்டம் கரைந்தது. சிவசண்முகம் நாளெல்லாம் மாத்திரை அட்டைகளைத் துடைத்துத் துடைத்து அடுக்கினார். அல்வா வரவில்லை.

ஒரு நாள் சாயங்காலம் அவர்கள் வீட்டு வாசலில் ஒரு பைக் வந்து, எஞ்சின் ஓட ஓட நின்றுவிட்டுப் போயிற்று. கூரியர் பையனாக இருக்கலாம். வழி தெரியாமல் நின்றவனாக இருக்கலாம். ஆனால் அன்றைக்குப் பிறகு எந்தப் பைக் சத்தம் கேட்டாலும் டீச்சர் பேச்சை நிறுத்திவிடுவார், அது தெருவைத் தாண்டுகிறவரை காத்திருப்பார். சித்ரலேகாவைத் தீபாவளிக்கு ஊருக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவள் ஏன், ஏன் என்று கேட்டு அழுதாளாம். போனில் காரணம் சொல்ல இவர்களுக்குப் பயம்.

"எனக்கு என்ன ஆனாலும் ஆகட்டும் அண்ணாச்சி. அவ தனியா பஸ்ஸுல வருவா, போவா. அத நெனச்சாத்தான் ஈரக்கொலை நடுங்குது" என்றார் டீச்சர். சொல்லும்போது வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தக் கை இப்போது அப்படித்தான் இருந்தது, ஏதோ திருடிவிட்டு மாட்டிக்கொண்டதைப் போல.

அந்த நாட்களில் மருந்துக்கடைக்கு ஒளிவு மறைவில்லாமல் வந்தவர் ஒருவர்தான். எபனேசரின் அம்மா. பிரஷர் மாத்திரை வாங்க வருவார். முன்பெல்லாம் வாங்கியதும் போய்விடுவார். இப்போது ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கடை வாசலில், பஸ்ஸில் போகிறவர்களுக்கெல்லாம் தெரிகிற மாதிரி உட்கார்ந்துகொண்டார். டீச்சர் பள்ளியிலிருந்து வரும் வரை காத்திருந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"எம் புள்ளைக்காக இந்த ஊர்ல ஒத்த ஆளாவது வாயத் தொறந்தியளே தாயீ. கர்த்தர் உங்களக் காப்பாத்துவாரு."

அது தவறுதலாக நீண்ட கை என்று டீச்சர் எப்படிச் சொல்வார்? சொல்லவில்லை. அந்தம்மா வந்துபோன பிறகு கொஞ்ச நேரம் டீச்சர் முகத்தில் பழைய களை இருக்கும். "தெரியாமச் சொன்னதோ தெரிஞ்சு சொன்னதோ, அந்தப் பயலுக்காக ஒரு வார்த்தை சொல்லியாச்சு அண்ணாச்சி" என்று ஒரு தடவை என்னிடம் சொன்னார். பிறகு ஒரு பைக் வந்தது, பேச்சு நின்றது.

ஐப்பசி மழையில் கூப்பிட்டனுப்பினார்கள். மேட்டு வீட்டார் கீழே வந்திருக்கிறார், டீச்சரைப் பார்க்க வேண்டுமாம். கார் டிரைவர் கடை வாசலில் நின்று ரொம்ப மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனான். சிவசண்முகம் எனக்குப் போன் செய்தார். "நீங்களும் கூட வாங்க சார். அந்த வீட்டு நாய்க்கு உங்களத் தெரியும்" என்றார். மனிதர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

பெரிய வீட்டுக்கு வெறுங்கையோடு போகக்கூடாது என்று ஆப்பிளும் எலுமிச்சம்பழமும் சந்தன மாலையும் வாங்கியிருந்தார். டீச்சர் தட்டை ஏந்திக்கொண்டு மேட்டில் ஏறினார். மழைத் தண்ணீர் எதிரே ஓடி வந்தது. பின்னால் நடந்த எனக்கு, மீனைத் தூக்கிக்கொண்டு பாறையில் ஏறினவன் ஞாபகம் வந்து தொலைத்தது. டீச்சருக்கும் வந்திருக்கும். அவர் தட்டைப் பார்க்காமலே நடந்தார்.

மேட்டு வீட்டார் ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு, கண்ணாடி. எங்கள் சித்தப்பா மாதிரி இருந்தார். அதுதான் எனக்குப் பொறுக்க முடியவில்லை.

"வாங்க டீச்சர், வாங்க. கரண்டு சாரா? இன்னைக்கு ரீடிங் எடுக்க நாள் இல்லையே" என்று சிரித்தார். காப்பி வந்தது. குடித்தோமா, இல்லையா, ஞாபகம் இல்லை.

"அந்த மீன்காரன் கதை சொன்னியளே, மலைக்குப் போயும் நெனச்சு நெனச்சுச் சிரிச்சேன்" என்றார். "எனக்கு அதுல ஒரு சந்தேகம் டீச்சர். மீன் வரைக்கும் சரி. தேச்சாங்க, எரிஞ்சுது, ஆறிப்போயிரும். நண்டப் பத்தி அவன் ஏன் வாயத் தொறந்தான்?"

மழை ஓட்டில் கொட்டிக்கொண்டிருந்தது.

"சொல்லுங்க. நீங்க படிச்சவிய."

"தொறந்திருக்கக் கூடாது ஐயா" என்றார் டீச்சர்.

"அதான? எனக்கும் அப்படித்தான் பட்டுது." ஊஞ்சலைக் காலால் உந்தினார். "கடைசியா எம் பக்கம் கைய நீட்டி ஒரு ராசாவச் சொன்னியளே, அமைதியா சிரிச்ச மொகமா இருப்பாருன்னு. பேரு வாயில நுழையல. அது யாரு?"

சிவசண்முகம் கண்ணை மூடிக்கொண்டார். டீச்சர் மடியில் இருந்த தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். எபனேசரை நினைத்தாரா, மகளை நினைத்தாரா, எனக்குத் தெரியாது.

"அகஸ்டஸ், ஐயா."

"நல்லவரா?"

"ரொம்ப நல்லவரு. சண்டை சச்சரவ நிறுத்துனாரு. ராத்திரி தீப்பிடிச்சா அணைக்க ஆள் போட்டாரு. ஏழைபாழைகளுக்குத் தானியம் குடுத்தாரு."

ஒரு வார்த்தை மாறாமல் நான் பேசின பேச்சு. எதிர் அணியில் என்னைக் கிழித்த அதே வாய், என் பேச்சை மனப்பாடமாக ஒப்பித்தது. பட்டிமன்றத்தில் முதல் தடவையாக நான் டீச்சரை ஜெயித்திருந்தேன். எனக்கு அழுகை வந்தது.

"தை மாசம் எனக்கு அறுபதாங் கல்யாணம்" என்றார் மேட்டு வீட்டார். "பட்டிமன்றம் எல்லாம் வேண்டாம். ரெண்டு பக்கமும் பேசுனா சனங்க கொழம்பிப் போறாங்க. நீங்க மட்டும் பேசுங்க. அந்த அகஸ்டஸப் பத்தி." பிறகு சிவசண்முகத்தின் பக்கம் திரும்பினார். "பாப்பா கோயம்புத்தூர்லதான படிக்கா? தீபாவளிக்குக் கூட வரலன்னு சொன்னாவ. ஆஸ்டல் சாப்பாடு ஒத்துக்கிடுதா?"

"ஒத்துக்கிடுது ஐயா" என்றார் சிவசண்முகம்.

திரும்பி இறங்கும்போது பாதி வழியில் டீச்சர் ஓரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வாந்தி எடுத்தார். நான் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

தை மாதம் அதே மண்டபத்தில் அதே மேடை. டீச்சர் பட்டுச்சேலை கட்டியிருந்தார். விளக்கு இந்தத் தடவை கண்ணில் அடிக்காதபடி ஓரமாக வைத்திருந்தார்கள். அகஸ்டஸைப் பற்றி அவர் பேசினது பிரமாதமான பேச்சு. அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. அரைகுறையாகப் பேச அந்த மனுஷிக்குத் தெரியாது. செங்கல்லாக இருந்த ஊரைப் பளிங்காக மாற்றிய கதையைச் சொல்லி, "அந்தப் பேரரசர் எப்படி இருப்பாருன்னு கேக்குதியளா? இந்தா!" என்று கையை நீட்டினார். மண்டபம் இடிந்து விழுகிற மாதிரி கைதட்டினார்கள். நானும் தட்டினேன். முன்வரிசையில் மேட்டு வீட்டார் கைகூப்பினார். கடைசி வரிசையில் எபனேசரின் அம்மா உட்கார்ந்திருந்தார். ஊர் மொத்தத்துக்கும் அழைப்பு. அவருக்கும் யாரோ மனசாட்சி இல்லாமல் பத்திரிகை கொடுத்திருக்கிறார்கள். டீச்சர் பேசுகிறார் என்று வந்திருப்பார். கை நீண்டதும் எழுந்து வெளியே போனார். வேகமாகக்கூடப் போகவில்லை, மூட்டுவலிக்காரி, பைய நடந்துதான் போனார். மேடையிலிருந்து அது நன்றாகத் தெரிந்திருக்கும்.

மறுநாளே ஆட்டோக்காரருக்கு முதுகுவலி நின்றுவிட்டது. அல்வா வந்தது, வழக்கத்தைவிடப் பெரிய பொட்டலமாக. டீச்சர் உள்ளே வந்தால் தலைமை ஆசிரியர் எழுந்து நிற்கிறார். ஒன்பதாம் வகுப்பு வரலாறு திரும்பக் கிடைத்தது. மருந்துக்கடையில் கூட்டம், யாரும் கடன் சொல்வதில்லை. சித்ரலேகா பொங்கல் கழிந்து வந்துபோனாள், பஸ் நிறுத்தத்தில் நின்றவர்கள் அவளுக்கு இடம் போட்டுக் கொடுத்தார்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்று சிவசண்முகம் என்னிடம் சொன்னார்.

ஆனால் டீச்சர் ஆசிரியர் அறைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடுகிறதாம். முன்பு அவருக்காகப் பயந்தவர்கள் இப்போது அவருக்கே பயப்படுகிறார்கள். மேட்டு வீட்டுக்கு வேண்டியவர் என்று பெயராகிவிட்டது. மின்வாரியத்தில் எங்கள் ஆட்களே என்னிடம், "ஒங்க டீச்சர்கிட்ட எதுவும் சொல்லிராதிய வே" என்று காதோடு சொல்கிறார்கள். டீச்சர் ஓர் எறும்பைக்கூடக் காட்டிக் கொடுக்க மாட்டார் என்று கத்த வேண்டும்போல வரும். கத்தியதில்லை.

போன மாதம் ரீடிங் எடுக்க அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சிவசண்முகம் கடையில் இருந்தார். டீச்சர் மோர் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். வலது கை சேலைத் தலைப்புக்குள் இருந்தது. பட்டிமன்றத்துக்கு எல்லாம் போவதை நிறுத்திவிட்டார். பாபநாசத்திலிருந்து வந்து கூப்பிட்டதற்கும் தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டாராம்.

"எபனேசர் அம்மா இப்பம் சேரன்மாதேவிக்குப் பஸ் ஏறிப் போயி மாத்திரை வாங்குதாவளாம். முட்டுவலியோட" என்றார்.

"கேள்விப்பட்டேன் டீச்சர்."

"ஊர்ல எல்லாரும் என்னையப் பாத்துப் பயப்படுதாங்க அண்ணாச்சி. எனக்குத் தெரியாம இல்ல. வகுப்புல பிள்ளைங்ககூடக் கேள்வி கேக்க மாட்டேங்குது." மோர் டம்ளரை என் பக்கம் தள்ளி வைத்தார். "நீங்க மட்டும் எங்கிட்டப் பழையபடி பேசுங்க. நான் அந்த அறுபதாங் கல்யாணத்துல பேசுனது தப்பா? உள்ளதச் சொல்லுங்க. உங்களுக்கு எங்கிட்ட என்ன பயம்?"

சொல்ல எனக்கு நிறைய இருந்தது. எபனேசரைப் பற்றி, அந்த ஆளைப் பற்றி, நாங்கள் எல்லோரும் தட்டின கைதட்டலைப் பற்றி. இருபது வருஷமாக எனக்கு எதிர் அணியில் நின்ற மனுஷி, தொண்டைக்கு மாத்திரை கொடுத்த மனுஷி. அவரிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

"சே, உங்ககிட்ட எனக்கென்ன டீச்சர் பயம்" என்றேன்.

அதைச் சொல்வதற்கு முன்னால், என்னையும் அறியாமல், ஒரு தடவை அண்ணாந்து கூரையைப் பார்த்திருக்கிறேன். டீச்சர் அதைப் பார்த்துவிட்டார்.